மேலாளர் கையெழுத்திட்ட கடன் சீட்டு: பழைய தனியார் வங்கி நோட்டுகளைத் தேடப் புறப்படுவோருக்கு

நம் மலேசியாவில் ரிங்கிட் என்று யார் சொல்கிறார்கள்? வங்கிப் படிவத்தில் எழுதும்போது ரிங்கிட். நாசி கண்டார் கடையில் கணக்குக் கேட்டால் "எட்டு வெள்ளி" என்றுதான் பதில் வரும். இந்த 'வெள்ளி' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டால் பழைய வங்கி நோட்டுகளின் பாதிக் கதை கைக்கு வந்துவிடும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பினாங்கில் பணம் என்றால் அது நிஜமாகவே வெள்ளிதான். முதலில் ஸ்பானிய டாலர், அப்புறம் பாம்பைக் கவ்விய கழுகு பொறித்த மெக்சிகோ டாலர். ஒரு காசு ஏறக்குறைய 27 கிராம். ஆயிரம் வெள்ளி கொடுக்க வேண்டிய வியாபாரி 27 கிலோ மூட்டையைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். கொடுத்தாலும் விடமாட்டார்கள், ஒவ்வொரு காசையும் தட்டிப் பார்த்து, ஓசை கேட்டு, சீனக் கடைக்காரர் தன் முத்திரையையும் குத்திக்கொள்வார். இந்தத் தொல்லைக்கு வங்கிகள் கண்டுபிடித்த வழிதான் நோட்டு. "வெள்ளியை என்னிடம் வை, நான் ஒரு சீட்டு எழுதித் தருகிறேன். சீட்டைக் கொண்டு வருகிறவர் யாராக இருந்தாலும் அவருக்கு வெள்ளியைத் தருகிறேன்." அவ்வளவுதான் விஷயம். அதை எழுதிக் கொடுத்தது லண்டனிலோ ஹாங்காங்கிலோ தலைமையகம் வைத்திருந்த தனியார் வங்கி. அரசாங்கத்துக்கு அதில் பங்கில்லை.

புதிதாகச் சேகரிக்க வருகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது "அங்கிள், இது எவ்வளவு போகும்?" என்பதுதான். விலையைப் பிறகு பார்க்கலாம். அந்தத் தாள் ஒரு கடன் பத்திரம், அதைப் படிக்கக் கற்றுக்கொண்ட பிறகுதான் பர்ஸைத் திறக்க வேண்டும். அந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

முதலில் நடந்து பாருங்கள்

பினாங்கின் ஜார்ஜ் டவுனில் இருக்கிறவர்களுக்குச் செலவில்லாத பாடம் ஒன்று உண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வாகன நெரிசல் இல்லாத நேரத்தில், பீச் ஸ்திரீட்டில் (இப்போது லெபோ பந்தாய்) ஒரு நடை போய்வாருங்கள். பினாங்குக்கு முதலில் வந்தது சார்ட்டர்ட் மெர்க்கன்டைல் வங்கி, 1859-ல். சார்ட்டர்ட் வங்கி (இன்றைய ஸ்டாண்டர்ட் சார்ட்டர்ட்) 1875-ல் கிளை திறந்தது. ஹாங்காங் அண்ட் ஷாங்காய் வங்கி (இன்றைய எச்.எஸ்.பி.சி.) 1884-ல் வந்தது. பின்னால் வந்த இரண்டும் அதே தெருவில் இன்றும் இருக்கின்றன, நாம் ஏ.டி.எம்.மில் பணம் எடுக்கப் போகும் அதே வங்கிகள்தான். இப்போது நிற்கும் கட்டடங்கள் பிற்காலத்தவை. நோட்டில் 'பினாங்கு' என்று ஊர்ப்பெயர் ஏன் அச்சாகியிருக்கிறது என்பது அந்தத் தெருவில் நின்றால் புரியும்: அந்தக் கடனைத் திருப்பித் தரவேண்டிய கதவு இந்தத் தெருவில் இருந்தது.

கோலாலம்பூர்க்காரர்களுக்கு சாசானா கிஜாங்கில் இருக்கும் பேங்க் நெகாரா அருங்காட்சியகம் இருக்கிறது. அவசரமாகச் சுற்றிவிட்டு வராதீர்கள். கண்ணாடிக்கு முன்னால் நின்று ஒரே ஒரு நோட்டைப் பத்து நிமிடம் பாருங்கள். படம் எடுக்க அனுமதி இருக்கிறதா என்று வாசலில் கேட்டுக்கொள்ளுங்கள். உண்மையான தாளின் நிறம், அச்சின் ஆழம், மையின் மங்கல் எல்லாம் கண்ணில் பதிய வேண்டும். திரையில் பார்க்கும் படம் இதைக் கற்றுத்தராது.

நோட்டை எப்படிப் படிப்பது

இதில்தான் அதிக நேரம் செலவிடச் சொல்வேன். தனியார் வங்கி நோட்டு ஒன்றைக் கையில் எடுத்தால் ஐந்து இடங்களில் கண் போக வேண்டும்.

வங்கியின் முழுப்பெயர் முதலில். ஒரே வங்கி பெயர் மாற்றிக்கொண்டே வந்திருக்கும். 'இந்தியா, லண்டன், சீனா' என்று நீளமாகப் பெயர் வைத்திருந்த சார்ட்டர்ட் மெர்க்கன்டைல் வங்கி, 1890-களின் தொடக்கத்தில் தன் அரச சாசனத்தை விட்டுவிட்டு 'மெர்க்கன்டைல் பேங்க் ஆஃப் இந்தியா' ஆனது. 1959-ல் அதை ஹாங்காங் வங்கி வாங்கிக்கொண்டது. ஆகப் பெயரே ஒரு தேதி. பழைய நீளப் பெயரோடு 1905 என்று தேதி போட்ட நோட்டை யாராவது நீட்டினால், புன்னகையோடு திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அடுத்து வாக்குறுதி வரி. "கொண்டு வருபவருக்குக் கேட்டவுடன், இங்குள்ள அலுவலகத்தில், ஐந்து டாலர் அல்லது அதற்கு ஈடான காலனி நாணயம் தருவதாக வாக்களிக்கிறது" என்ற பொருளில் ஆங்கிலத்தில் இருக்கும். 'இங்குள்ள அலுவலகத்தில்' என்ற சொற்களைக் கவனியுங்கள். சிங்கப்பூர் நோட்டு சிங்கப்பூர்க் கிளையின் கடன், பினாங்கு நோட்டு பினாங்குக் கிளையின் கடன். அதனால்தான் கிளைப்பெயர் சேகரிப்பாளர்களுக்கு அவ்வளவு முக்கியம். ஒரே வடிவமைப்பு, ஒரே ஆண்டு, ஊர்ப்பெயர் மட்டும் வேறு என்றால் விலை தலைகீழாக மாறும்.

மூன்றாவது, தொகை. நம் பகுதித் தனியார் வங்கி நோட்டுகள் பெரும்பாலும் ஐந்து வெள்ளியில்தான் தொடங்கும். ஐந்துக்குக் கீழே அச்சடிக்கப் பொதுவாக வங்கிகளுக்கு அனுமதி கிடையாது. சில்லறை மக்களின் கையில் காகிதம் சிக்கி, வங்கி விழுந்தால் ஏழைகள் நாசமாவார்கள் என்று பயம். ஐந்து வெள்ளி அன்றைய கூலிக்காரருக்குப் பெரிய தொகை. தோட்டத்துக்கு வந்திறங்கிய நம் பாட்டன்மார் இந்த நோட்டைப் பார்த்திருந்தாலும் வேறு யாராவது கையில்தான் பார்த்திருப்பார்கள். ஒரு வெள்ளி நோட்டு அரசாங்கம் அச்சடித்து 1906-ல்தான் வந்தது.

நான்காவது, கையெழுத்து. அச்சடித்த தாள் லண்டனிலிருந்து கப்பலில் வரும். பெர்க்கின்ஸ் பேக்கன், பார்க்ளே அண்ட் ஃபிரை மாதிரியான அச்சகங்கள் அச்சடித்தவை. ஆனால் வந்திறங்கும்போது அது வெறும் அழகான காகிதம். கிளையில் கணக்கரும் மேலாளரும் பேனாவால் கையெழுத்துப் போட்ட பிறகுதான் பணம். பழைய நோட்டுகளில் தேதியும் எண்ணும்கூடக் கையால் எழுதப்பட்டிருக்கும். லென்ஸ் வைத்துப் பார்த்தால் பேனா முனை அழுந்திய இடத்தில் மை இரண்டு கோடாகப் பிரிந்திருப்பது தெரியும், பழுப்பாகியும் இருக்கும். அச்சடித்த 'கையெழுத்தில்' அந்தப் பிளவு இருக்காது.

ஐந்தாவது, பின்பக்கம். மிகப் பழையவற்றில் பின்பக்கம் வெறுமையாகவே இருக்கும். அதைப் பார்த்து "பாதி அச்சடித்தது" என்று யாரும் தள்ளிவிட வேண்டாம்.

எந்த நிலையில் தப்பிப் பிழைத்தது?

யோசித்துப் பாருங்கள்: சீட்டைக் கொண்டு போனால் வெள்ளி கிடைக்கும் என்றால் யார் சீட்டை வைத்துக்கொண்டிருப்பார்கள்? திரும்பி வந்த நோட்டை வங்கி ரத்து செய்து அழித்துவிடும். ஆகவே புழங்கிய நோட்டுகளில் பிழைத்தவை மிகக் குறைவு. சந்தையிலும் ஏலத்திலும் நாம் பார்ப்பவற்றில் பெரும்பகுதி வேறு வகை. அச்சகம் வடிவத்தைச் சரிபார்க்க எடுத்த 'புரூஃப்'. வங்கிக் கிளைகளுக்கு அடையாளம் காட்ட அனுப்பிய 'ஸ்பெசிமன்'. இதில் அந்தச் சொல்லே மேலே அச்சாகியிருக்கும், அல்லது துளைகளாகக் குத்தியிருக்கும், எண் பெரும்பாலும் சுழியம்தான். அச்சாகியும் கையெழுத்தாகாமல் மிஞ்சிய 'ரிமைண்டர்'. ரத்து முத்திரை குத்தியது. இந்த நான்கும் ஒரு நாளும் கடனாக வெளியே போகவில்லை, அல்லது கடன் தீர்ந்துவிட்டது. விற்பவர் "புழங்கிய நோட்டு" என்று சொன்னால் இந்த நான்கில் எதுவும் இல்லை என்பதை நீங்களே உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும்.

வங்கியே விழுந்துவிட்டால்? அதுவும் நடந்தது. நம் பகுதியில் நோட்டு வெளியிட்ட முன்னோடிகளில் ஒன்றான ஓரியண்டல் பேங்க் கார்ப்பரேஷன் 1884 மே 3-ல் கதவைச் சாத்தியது. இலங்கைக் காபித் தோட்டங்களை இலைநோய் தின்ற காலம். அந்தத் தோட்டங்களுக்குக் கடன் கொடுத்துச் சிக்கிக்கொண்ட வங்கி அது. இலங்கையில் அதன் நோட்டுகள் ஊரெல்லாம் புழங்கிக்கொண்டிருந்தன. ஆளுநர் ஆர்தர் கார்டன் "இந்த நோட்டுகளுக்கு அரசாங்கம் பொறுப்பு" என்று அறிவித்து நிலைமையைக் காப்பாற்றினார். அடுத்த ஆண்டே இலங்கை அரசு தன் சொந்த நோட்டை வெளியிடத் தொடங்கியது. இந்தியாவில் 1861-லேயே காகிதப் பணச் சட்டம் கொண்டுவந்து வங்கிகளின் உரிமையை எடுத்துவிட்டார்கள். நம் நீரிணைக் குடியேற்றங்கள் (பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் சேர்ந்த பிரிட்டிஷ் காலனி) கொஞ்சம் மெதுவாக வந்தன: அரசாங்க நோட்டில் 1898 செப்டம்பர் 1 என்று தேதி இருந்தாலும் மக்கள் கைக்கு வந்தது 1899 மே 1-ல். அப்புறம் தனியார் நோட்டுகள் மெல்ல மெல்ல வங்கிக்கே திரும்பிப் போய்விட்டன.

முதல் தாளாக எதை வாங்குவது

பினாங்குக் கிளை நோட்டு வேண்டாம். ஆசை இருக்கும், எனக்கும் இருந்தது. ஆனால் அது கார் வாங்கும் காசு. தெரியாமல் வாங்கினால் கார் வாங்கி அன்றே மோதியது போல ஆகிவிடும்.

நான் சொல்வது அமெரிக்க ரிமைண்டர். நியூ ஆர்லியன்ஸ் நகரத்து கனால் பேங்க் என்ற தனியார் வங்கி, கையெழுத்துப் போடாமலே கட்டுக்கட்டாக விட்டுவைத்த 20, 50, 100 டாலர் நோட்டுகள் இன்றும் ஏராளம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் செதுக்குத் தகட்டு அச்சு (உலோகத் தகட்டில் கோடுகளைச் செதுக்கி அடிப்பது), உண்மையான தாள், வெறுமையான கையெழுத்துக் கோடு. சாதாரணச் சேகரிப்பாளர் தாங்கும் விலை. அதை ஒரு மாதம் கையில் வைத்துப் பழகினால், உண்மையான அச்சில் கோடு எப்படித் துல்லியமாக நிற்கும் என்று விரலுக்கும் கண்ணுக்கும் தெரிந்துவிடும்.

அதற்கு அடுத்து, உயிரோடு இருக்கும் தனியார் நோட்டுகள். ஹாங்காங்கில் இன்றும் எச்.எஸ்.பி.சி., ஸ்டாண்டர்ட் சார்ட்டர்ட், பேங்க் ஆஃப் சைனா என்ற மூன்று வங்கிகள்தான் நோட்டு அச்சடிக்கின்றன. பத்து டாலர் நோட்டு மட்டும் அரசாங்கத்துடையது. ஸ்காட்லாந்திலும் மூன்று வங்கிகள். ஹாங்காங் போய் வரும் சொந்தக்காரரிடம் "மூன்று பேங்க்குக்கும் ஒவ்வொரு இருபது டாலர்" என்று சொல்லிவிட்டால் முக மதிப்பிலேயே ஒரு சேகரிப்பு தொடங்கிவிடும். பீச் ஸ்திரீட்டில் நோட்டு வெளியிட்ட இரண்டு வங்கிகள் அதில் இருக்கின்றன என்பது கூடுதல் சுகம்.

தமிழ்நாட்டுத் தொடர்பு வேண்டும் என்கிறவர்களுக்கு பாண்டிச்சேரி இருக்கிறது. பிரெஞ்சுத் தனியார் வங்கியான இந்தோசீன வங்கி அங்கே ரூபாய் நோட்டு வெளியிட்டது. ஒரு ரூபாய் நோட்டு முதல் உலகப் போருக்குப் பிறகும், ஐந்து ரூபாய் நோட்டு 1937-லும் வந்தன. ஐம்பது ரூபாயில் டூப்ளே படம். மலிவு இல்லை, ஆனால் இரண்டாம் வருடத்து ஆசையாக வைத்துக்கொள்ளலாம்.

சந்தைக்கடையில் அதிகம் கண்ணில் படுவது வாழைமரம் போட்ட பத்து டாலர். அது ஜப்பானிய ஆட்சிக்காலத்து (1942–45) 'வாழைப்பழ நோட்டு'. 'எம்' எழுத்து மலாயாவைக் குறிக்கும். அதிலும் "கொண்டு வருபவருக்குத் தருவதாக வாக்களிக்கிறது" என்ற வரி இருக்கிறது. வாக்களித்தது ஜப்பானிய அரசாங்கம், எந்த வங்கியும் இல்லை. 1945-ல் பிரிட்டிஷார் திரும்பியதும் அது வெறும் காகிதமானது. வரலாற்றுக்காக ஒன்று வாங்கி வையுங்கள். 'பழைய பேங்க் நோட்டு' என்று யாராவது விலையேற்றிச் சொன்னால் மட்டும் நகர்ந்துவிடுங்கள்.

போலியை எப்படிப் பிடிப்பது

நான் ஏமாந்ததைச் சொல்லிவிடுகிறேன். பல வருடங்களுக்கு முன் ஒரு வாரச் சந்தையில் பழைய சாமான் விரித்திருந்தவரிடம், மொறமொறவென்று மஞ்சளாகிச் சுருங்கிய ஒரு தாளைப் பார்த்தேன். 'பேங்க் ஆஃப் தி யுனைடெட் ஸ்டேட்ஸ்', ஆயிரம் டாலர், 1840. கை நடுங்க எண்பது வெள்ளி கொடுத்து வாங்கினேன். அன்று இரவு எண்ணைத் தட்டித் தேடினேன்: 8894. உலகத்தில் அந்த நோட்டை வைத்திருக்கும் எல்லாரிடமும் அதே 8894. நினைவுப்பொருளாக லட்சக்கணக்கில் அடித்து, பழசு போலக் காட்டச் சாயம் ஏற்றிய நகல் அது. விற்றவரும் அறியாமல்தான் விற்றிருப்பார் என்றே இன்றும் நினைக்கிறேன்.

அதிலிருந்து என் முதல் விதி: வாங்குவதற்கு முன் வரிசை எண்ணைத் தேடு. கையால் எழுதிய எண் இரண்டு நோட்டில் ஒரே மாதிரி வராது.

அப்புறம் பத்து மடங்கு லென்ஸ். செதுக்குத் தகட்டு அச்சில் கோடு தொடர்ச்சியாக, மை மேடாக நிற்கும். வீட்டு பிரிண்டரில் எடுத்தது புள்ளி புள்ளியாகச் சிதறும். அடுத்து நீல விளக்கு, அதாவது புறஊதா டார்ச். கைப்பேசிக் கடையில்கூடக் கிடைக்கும். தாளை வெளுக்கப் போடும் ஒளிர்ப்பொருள்கள் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான் பரவலாயின. ஆக 1880 என்று தேதி போட்ட தாள் டார்ச் வெளிச்சத்தில் வெள்ளைச் சட்டை போலப் பளீரென்று ஒளிர்ந்தால் கதை முடிந்தது. ஒளிராவிட்டால் உண்மை என்று அர்த்தமில்லை, அடுத்த சோதனைக்குப் போகலாம் என்று அர்த்தம். ஜன்னலில் பிடித்து நீர்க்குறி பாருங்கள்.

போலியைவிடத் தொல்லை தருவது 'சீர் செய்த' நோட்டு. கழுவி, இஸ்திரி போட்டு, கிழிசலை ஒட்டி, புதுசு மாதிரி நீட்டுவார்கள். விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் அழுத்திய மடிப்பு நிழலாகத் தெரியும். தரமதிப்பீட்டு நிறுவனங்கள் 70 புள்ளி அளவில் மதிப்பெண் போட்டு உறையிட்டுத் தருகின்றன. பெரிய தொகை என்றால் அந்த உறையோடு வாங்குவது நல்லது. உறை எண்ணையும் அந்த நிறுவனத்தின் பதிவில் சரிபார்க்க வேண்டும், ஏனென்றால் இப்போது உறைக்கே போலி வருகிறது.

எங்கே தேடுவது

பினாங்கில் லோரோங் கூலிட் சந்தை, கோலாலம்பூர்ப் பக்கம் பெட்டாலிங் ஜெயா அம்கார்ப் மாலின் வார இறுதிச் சந்தை, இரண்டும் பழக்கத்துக்கு நல்லவை. நல்ல தனியார் வங்கி நோட்டு அங்கே விரிப்பில் கிடக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள், மனிதர்கள் கிடைப்பார்கள். "எனக்கு பேங்க் நோட்டு, கிளைப்பெயர் போட்டது" என்று இரண்டு மூன்று கடைக்காரரிடம் சொல்லிவைத்தால் ஆறு மாதம் கழித்து அழைப்பு வரும். ஏலத்தில் எடுக்கிறவர்கள் விழுந்த விலைக்கு மேலே வாங்குவோர் கட்டணம், அனுப்பும் செலவு இரண்டையும் கூட்டிப் பார்த்துவிட்டுக் கையைத் தூக்க வேண்டும். பட்டியல்களில் 'பிக் எண்' என்று ஒன்று இருக்கும். உலகம் முழுக்க நோட்டுகளை அடையாளம் சொல்ல அதைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

இன்னொரு இடம், உங்கள் வீட்டுப் பெட்டி. தமிழர்களுக்கு மட்டும் உள்ள வசதி இது. பினாங் ஸ்திரீட்டில் கிட்டங்கி வைத்துத் தொழில் செய்த நகரத்தார் நோட்டு அச்சடிக்கவில்லை. ஐரோப்பிய வங்கியிடம் கடன் வாங்கி, கடைக்காரருக்கும் தோட்டக்காரருக்கும் கடன் கொடுத்தார்கள். ஊருக்குப் பணம் அனுப்ப உண்டியல் எழுதினார்கள். வங்கி நோட்டைப் போலவே அதுவும் 'இன்னாருக்கு இவ்வளவு கொடு' என்று சொல்லும் கடன் தாள்தான். பழைய உண்டியலோ புரோநோட்டோ கிடைத்தால் தூக்கிப்போடாதீர்கள். தொகை தமிழ் எண்ணில் இருக்கும்: ௱ நூறு, ௲ ஆயிரம், ௫௱ என்றால் ஐந்நூறு. தேதியில் தமிழ் ஆண்டுப் பெயர் இருக்கும். 'தாரண வருஷம்' என்று இருந்தால் அது 1884-ஆகவும் இருக்கலாம், அறுபது ஆண்டு கழித்து 1944-ஆகவும் இருக்கலாம். எது என்று தீர்மானிக்க ஒட்டியிருக்கும் வருவாய் முத்திரையைப் பாருங்கள். ஓரியண்டல் பேங்க் விழுந்ததும் ஒரு தாரணத்தில், வாழைப்பழ நோட்டு புழங்கியதும் ஒரு தாரணத்தில். நம் எழுத்தைப் படிக்கத் தெரியாத சேகரிப்பாளர்கள் இவற்றைக் கட்டாகத் தள்ளிவிடுவதை நானே பார்த்திருக்கிறேன்.

வைத்துக்கொள்வது

என் பெரியப்பா தன்னிடமிருந்த பழைய நோட்டைப் பத்திரப்படுத்துவதாக நினைத்து, ஜெராக்ஸ் கடையில் கொடுத்து லேமினேட் செய்துவிட்டார். சூட்டில் பசை தாளுக்குள் இறங்கி, நோட்டும் பிளாஸ்டிக்கும் ஒன்றாகிவிட்டன. இனி பிரிக்க முடியாது. லேமினேட் வேண்டாம், செலோடேப் வேண்டாம், மலிவான பி.வி.சி. உறையும் வேண்டாம். பாலியெஸ்டர் உறை வாங்குங்கள். மைலார் என்று கேட்டால் தருவார்கள். நம் ஊர் ஈரத்துக்குத் தாளில் பழுப்புப் புள்ளி விழும், எனவே மூடும் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பை போட்டு, அது ஈரம் குடித்து நிறம் மாறும்போது மாற்றுங்கள். வெளிச்சுவரில் பதித்த அலமாரி கூடாது. மழைக்காலத்தில் சுவர் வியர்க்கும்.

கடைசியாக ஒரு நோட்டுப்புத்தகம். வாங்கிய தேதி, இடம், கொடுத்த விலை, வங்கி, கிளை, எண், கையெழுத்து, எந்த வகை (புழங்கியது, ஸ்பெசிமன், ரிமைண்டர்) என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். வெளிநாட்டுக்கு விற்க நினைத்தால் 2005-ஆம் ஆண்டு தேசிய மரபுடைமைச் சட்டப்படி உரிமம் தேவையா என்று கேட்டுக்கொள்ளவும் இந்த வரி உதவும். என் புத்தகத்தின் முதல் வரி: எண் 8894, எண்பது வெள்ளி, நகல். அதன் பக்கத்தில் அந்தத் தாளையே ஒட்டி வைத்திருக்கிறேன், செலோடேப் போட்டு.